ஃபாஸ்டெம் மாநாட்டுக்குப் போவது எப்படி? சென்னையிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வரை ஒரு முழு வழிகாட்டி

நுழைவுக் கட்டணம் கிடையாது. முன்பதிவு கிடையாது. கழுத்தில் தொங்கவிட ஓர் அடையாள அட்டைகூடத் தர மாட்டார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டியதுதான். கட்டற்ற மென்பொருளை (யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம்) உருவாக்குபவர்கள் கூடும் ஃபாஸ்டெம் (FOSDEM) பற்றி நண்பர்கள் இப்படிச் சொன்னபோது, இதைவிடச் சுலபமான மாநாடு உலகத்திலேயே இருக்காது என்று நினைத்தேன். விசா விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்த அன்றுதான் உறைத்தது. பதிவே இல்லாத மாநாட்டுக்குப் பதிவுச் சான்று எங்கிருந்து வரும்? என்னை யாரும் அழைக்கவில்லை, நான் எதற்கும் பணம் கட்டவில்லை, நானாகக் கிளம்பிப் போகிறேன் என்று விசா அதிகாரியிடம் எப்படிச் சொல்வது?

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இந்த மாநாட்டின் சிக்கல் முழுவதும் அதன் இலவசத்தில்தான் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் காகிதம் பற்றியே பேசப் போகிறேன். ஊர் சுற்றுவது தானாக நடந்துவிடும்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 2000-இல் ரஃபேல் போதுவான் என்பவர் தொடங்கி வைத்த முயற்சி இது. முதலில் ஓஸ்டெம் என்ற பெயரில் நடந்தது, பிறகு கட்டற்ற ('ஃப்ரீ') மென்பொருளுக்கான 'ஃ' முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆண்டுதோறும் ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ ஒரு சனி, ஞாயிறு. 2025-இல் பிப்ரவரி 1, 2. 2026-இல் ஜனவரி 31, பிப்ரவரி 1. இடம், பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் உள்ள யூஎல்பி பல்கலைக்கழகத்தின் சோல்போஷ் வளாகம். ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். நடத்துபவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள்.

நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

மாநாட்டு வளாகத்தின் பெரும்பாலான அறைகள் 'டெவ்ரூம்' எனப்படுபவை. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துக்கு ஓர் அறை, கோ நிரல்மொழிக்கு ஓர் அறை, மொழிபெயர்ப்புக்கு ஓர் அறை என்று அந்தந்தக் குழுவே நடத்தும். ஒவ்வோர் அறையும் தனித்தனியாக உரைகளை வரவேற்கும். அக்டோபர், நவம்பரில் அறிவிப்பு வரும். பெரும்பாலும் டிசம்பர் முதல் வாரத்துக்குள் கடைசித் தேதி. தேர்வு முடிவு டிசம்பர் நடுவில்.

இப்போது விசாவின் கணக்கைப் பாருங்கள். பெல்ஜியம் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது விண்ணப்பிக்க வேண்டும். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள் அவகாசம். கூடுதலாக ஏதாவது விசாரிக்க வேண்டியிருந்தால் 45 நாள் வரை போகலாம். விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பது தனிக்கதை. நடுவில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று வரிசையாக விடுமுறை.

உரை தேர்வான மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கலாம் என்று முதல் ஆண்டு காத்திருந்தேன். மின்னஞ்சல் டிசம்பர் 17-ஆம் தேதி வந்தது. நேரம் கிடைத்தது ஜனவரி முதல் வாரத்தில். விசா ஒட்டிய கடவுச்சீட்டு கைக்கு வந்தது மாநாடு முடிந்த செவ்வாய்க்கிழமை. என் உரையை என்னோடு சேர்ந்து எழுதிய ஜெர்மன் நண்பர் தனியாக நின்று பேசினார். பிரஸ்ஸல்ஸில் காலை 11 மணி, நமக்குப் பிற்பகல் மூன்றரை. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நேரலையில் பார்த்தேன். யார்மீதும் குறை சொல்ல முடியாது. தாமதம் முழுக்க என்னுடையது.

ஆகவே உரை தேர்வாகும் வரை காத்திருக்காதீர்கள். பார்வையாளராகவே போவதாக முடிவு செய்து நவம்பர் கடைசிக்குள் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். உரை அனுப்பியிருந்தால் அது வந்து சேர்ந்ததாக வரும் மின்னஞ்சலை அச்சிட்டு வைக்கலாம். தேர்வானால் கூடுதல் மகிழ்ச்சி, அவ்வளவுதான். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்வரை கடவுச்சீட்டு அவர்களிடம் இருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அந்த இடைவெளியில் சிங்கப்பூர் கல்யாணத்துக்குப் போக முடியாது.

பணம்

நீங்கள் ஏதாவது ஒரு கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்குப் பங்களிப்பவராக இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். லினக்ஸ் கணினிகளுக்கான திரைச்சூழல்களை உருவாக்கும் க்னோம் அறக்கட்டளை, கேடிஈ சங்கம் போன்றவை தங்கள் பங்களிப்பாளர்களின் பயணத்துக்கு உதவுவது வழக்கம். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டம் ஆண்டுதோறும் நடத்தும் டெப்கான்ஃப் மாநாட்டுக்குப் பயணம், உணவு, தங்குமிடம் மூன்றுக்கும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டு மாநாட்டுக்கு முதன்முதலாகப் போகிறவர்களுக்கு ஃபாஸ்டெமைவிட டெப்கான்ஃப் எளிது என்றுகூடச் சொல்வேன். அங்கே பதிவு உண்டு, விசாவுக்கு உதவ ஒரு குழுவே உண்டு, அழைப்புக் கடிதமும் கிடைக்கும்.

கேட்கக் கூச்சப்படாதீர்கள். 'நான் என்ன பெரிதாகச் செய்துவிட்டேன், நாலு திருத்தம் அனுப்பினேன்' என்று நாமே நம்மைக் கழித்துக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். மூன்றாண்டு தமிழாக்கம் செய்தவர் தாராளமாகக் கேட்கலாம்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு கேளுங்கள். பல இடங்களில் உதவித்தொகை முன்பணமாக வராது. நீங்கள் செலவழித்துவிட்டு வந்து ரசீது கொடுத்தால் திருப்பித் தருவார்கள். விமானச் சீட்டுக்கும் விடுதிக்கும் கையிலிருந்து போட்டு இரண்டு மூன்று மாதம் தாங்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால் அதையே நேராக எழுதுங்கள். சில அமைப்புகள் சீட்டைத் தாங்களே எடுத்துத் தரும்.

விசாவுக்கான காகிதக் கட்டு

விண்ணப்பக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ (2024 ஜூனில் 80-இலிருந்து உயர்ந்தது), மையத்தின் சேவைக் கட்டணம் தனி. எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பிரஸ்ஸல்ஸில் நான்கு இரவு, பாரிஸில் இரண்டு என்றால் பெல்ஜியம். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. 'அந்த நாட்டு விசா சுலபமாகக் கிடைக்குமாம்' என்று வேறு நாட்டிடம் வாங்கிக்கொண்டு பிரஸ்ஸல்ஸ் போகும் யோசனை வேண்டாம்.

கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக, திரும்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாவதாக, 2 பக்கமாவது வெற்றாக உள்ளதாக இருக்க வேண்டும். பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல், ஷெங்கன் பகுதி முழுவதற்கும். புகைப்படம் 35-க்கு 45 மில்லிமீட்டர். கைரேகை ஏற்கெனவே கொடுத்திருந்தால் 59 மாதம் வரை அதையே எடுத்துக்கொள்வார்கள். இதெல்லாம் பட்டியல் வேலை, பார்த்துப் பார்த்து டிக் அடித்தால் முடிந்தது.

யோசித்துச் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, போகும் நோக்கத்தைக் காட்டும் காகிதம். மாநாடு சான்று தராதபோது அதை நாம்தான் கட்டியெழுப்ப வேண்டும். நான் இரண்டாம் முறை வைத்தவை இவை. மாநாட்டின் தேதி, இடம், 'பதிவு தேவையில்லை' என்று அவர்களே எழுதியிருக்கும் பக்கம் ஆகியவற்றின் அச்சுப்படி. அந்தக் கடைசிப் பக்கம்தான் முக்கியம். பதிவுச் சான்று ஏன் இல்லை என்ற கேள்விக்கு அதுவே பதில். அடுத்து, நான் பங்களிக்கும் திட்டத்தின் அமைப்பிடமிருந்து கடிதத்தாளில் ஒரு கடிதம். இன்னார் எங்கள் பங்களிப்பாளர், இன்ன தேதியில் நடக்கும் மாநாட்டில் எங்கள் குழுவைச் சந்திக்கிறார், செலவை இன்னார் ஏற்கிறார் என்று நாலே வரி. அதோடு என் பங்களிப்புப் பக்கத்தின் அச்சுப்படி.

அந்தக் கடிதத்தை வாங்கும்போது பெயரைக் கவனியுங்கள். நம்மைத் திட்டத்தில் எல்லோரும் புனைபெயரால்தான் அறிவார்கள். எனக்கு வந்த முதல் கடிதத்தில் அரட்டை அறையில் நான் வைத்திருந்த 'கருவாட்டுக்குழம்பு' என்ற பெயரை அப்படியே போட்டு, 'அன்புள்ள' என்று தொடங்கியிருந்தார்கள். கடவுச்சீட்டில் உள்ள பெயர், எழுத்துக்கு எழுத்து, கடவுச்சீட்டு எண்ணோடு வேண்டும் என்று கேட்டு மறுபடி வாங்கினேன்.

பெயர் என்றதும் நம் தலைப்பெழுத்து வழக்கம். பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற இடம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் இருக்கும். காலியாக இருந்தால் விமானச் சீட்டு எடுக்கும்போது எப்படி நிரப்புவது என்று அந்த நிறுவனத்திடமே கேட்டுவிடுங்கள், ஆளுக்கொரு முறை வைத்திருக்கிறார்கள். அப்பா பெயர் இருந்தால் ஒரு சிக்கலும் இல்லை. என்ன, விடுதிக்காரர் முதல் எல்லை அதிகாரி வரை அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். திரும்பிப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பணம் இருப்பதைக் காட்டும் காகிதம். கடைசி சில மாத வங்கி அறிக்கை, வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு. விண்ணப்பிக்கும் வாரத்தில் மாமாவிடம் ஐந்து லட்சம் வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டும் வித்தையைப் பலரும் சொல்வார்கள். அதைவிடச் சந்தேகத்தைக் கிளப்புவது வேறில்லை. கணக்கில் இருப்பது குறைவாக இருந்தாலும் மாதாமாதம் சம்பளம் வந்து, வாடகை போய், மிச்சம் தங்கும் கணக்கு நம்பகமாகத் தெரியும். தனியாகத் தொழில் செய்பவர்கள் ஜிஎஸ்டி பதிவு, வாடிக்கையாளர் ஒப்பந்தம் ஆகியவற்றை வையுங்கள். உண்மையிலேயே அப்பாவோ அக்காவோ செலவை ஏற்றால் அவருடைய கடிதம், அவருடைய வங்கி அறிக்கை.

மூன்றாவது, திரும்பி வருவீர்கள் என்பதைக் காட்டும் காகிதம். அலுவலகத்திலிருந்து விடுப்புக் கடிதம், இன்ன தேதி வேலைக்குத் திரும்புகிறார் என்ற வரியோடு. மாணவர் என்றால் கல்லூரியிலிருந்து.

இவற்றுக்கு மேலே ஒரே பக்கத்தில் முகப்புக் கடிதம் எழுதுங்கள். நான் யார், எங்கே போகிறேன், எந்த நாளில் எங்கே தங்குகிறேன், யார் செலவு, எப்போது திரும்புகிறேன். கட்டற்ற மென்பொருளின் தத்துவத்தை அங்கே விளக்க வேண்டாம். படிக்கும் அதிகாரி அன்றைக்கு இன்னும் நூறு கட்டுகளைப் பார்க்க வேண்டும்.

விமானச் சீட்டுக்கு முன்பதிவு காட்டினால் போதும், விசா வருமுன் பணத்தை முடக்க வேண்டியதில்லை. விடுதியும் ரத்து செய்யக்கூடியதாகப் போடுங்கள். போலிச் சீட்டு அச்சடித்துத் தருபவர்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள். மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தருவார்கள், மேல்முறையீடும் உண்டு. ஆனால் நாள் நெருக்கத்தில் அது உதவாது. குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதே நடைமுறை.

சீட்டும் பெட்டியும்

பிரஸ்ஸல்ஸ் பெயரில் இரண்டு விமான நிலையங்கள் உண்டு. ஸாவென்டெமில் உள்ளது நகரத்தின் நிலையம், ரயிலில் இருபது நிமிடம். 'பிரஸ்ஸல்ஸ் தெற்கு ஷார்லுவா' என்பது பெயரில் மட்டும்தான் பிரஸ்ஸல்ஸ், வேறோர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மலிவு என்று பார்த்துச் சிக்காதீர்கள். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவோ தோஹா, துபாய், அபுதாபி வழியாகவோ போகலாம். ஃபிராங்க்ஃபர்ட் வழி போனால் குடிவரவுச் சோதனை அங்கேயே நடக்கும். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறையில் முகப்படத்தை எல்லையில் பதிவு செய்கிறார்கள், விசாவுக்குக் கொடுத்த கைரேகையோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். அதனால் அடுத்த விமானத்துக்கு நடுவே தாராளமாக நேரம் விடுங்கள்.

பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸ் குளிர் நம்மைக் கொல்லும் குளிரல்ல. சுழியத்துக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில். தொல்லை தருவது மழைதான். விடாமல் தூறும், காற்று வேறு. ஒரே தடித்த கம்பளிக்குப் பதிலாக அடுக்கடுக்காகப் போடுங்கள். நூறு பேர் அடைந்த அறைக்குள் போனதும் வியர்க்கும், கழற்ற வேண்டும். செருப்போ துணிக் காலணியோ வேண்டாம், நனையாத காலணி எடுங்கள். காலை எட்டே காலுக்குத்தான் விடியும்.

பெல்ஜியத்தின் சுவர் சாக்கெட்டில் துளையோடு ஒரு கம்பியும் நீட்டிக்கொண்டிருக்கும். நம் கைப்பேசியின் இரண்டு முள் செருகி நுழைந்துவிடும். மடிக்கணினியின் மூன்று முள் நுழையாது. மாற்றி ஒன்றை ரிச்சி தெருவிலேயே வாங்கிவிடுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான்.

சாப்பாட்டுப் பொட்டலம் கட்டும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய ஒன்று: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பயணிகள் இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுபோக முடியாது. நெய், பால்கோவா, ஆட்டுக்கறித் தொக்கு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் தாராளமாகப் போகும்.

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைச் செயலியில் இயக்கிவிட்டுக் கிளம்புங்கள். புதிய அட்டைகளில் அது மூடியே இருக்கும். அங்கே கடையில் 'ரூபாயிலா, யூரோவிலா' என்று எந்திரம் கேட்டால் யூரோ. ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தில் மொட்டை அடிப்பார்கள்.

இறங்கியதும்

எல்லை அதிகாரி 'எதற்கு வந்தீர்கள்' என்று கேட்டால் 'மென்பொருள் மாநாடு, இரண்டு நாள், புதன்கிழமை திரும்புகிறேன்' என்றால் போதும். காகிதக் கட்டின் நகலைப் பெட்டியில் போடாமல் கையில் வையுங்கள்.

பிரஸ்ஸல்ஸ் இருமொழி நகரம். ஒவ்வொரு தெருவுக்கும் நிலையத்துக்கும் பிரெஞ்சில் ஒன்று, டச்சில் ஒன்று என இரண்டு பெயர். 'மிடி' என்பதும் 'ஸூயிட்' என்பதும் ஒரே ரயில் நிலையம்தான். இரண்டுக்கும் 'தெற்கு' என்று பொருள் கொள்ளலாம். இது தெரியாமல் நான் பலகையை வெறித்துக்கொண்டு ஒரு ரயிலை விட்டேன். அந்த நிலையத்தில் பையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருங்கள். மெட்ரோ, டிராம், பேருந்து மூன்றிலும் வங்கி அட்டையைத் தட்டியே ஏறலாம். மத்திய நிலையத்திலிருந்து 71-ஆம் எண் பேருந்து வளாகத்தின் பக்கம் போகிறது. மாநாட்டுக் காலையில் அது நம் தாம்பரம் பேருந்து போல இருக்கும், வழி கேட்கத் தேவையில்லை. லினக்ஸின் சின்னமான பெங்குவின் படம் போட்ட சட்டைக்காரர்கள் பின்னால் போனால் சரி.

மாநாட்டு நாட்கள்

வெள்ளி இரவு நகர மையத்தில் பீர் சந்திப்பு. குடிக்காதவர்கள் தயங்க வேண்டாம், ஆரஞ்சுச் சாறோடு நின்றாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். காது கேட்காத கூட்டம் என்பது மட்டும்தான் குறை.

சனி காலை ஜான்சன் என்ற பெரிய அரங்கில் தொடக்கம். ஆயிரத்துக்கும் மேல் உட்காரலாம். மற்ற அறைகள் சிறியவை. நிரம்பியதும் கதவில் 'நிரம்பிவிட்டது' என்று பலகை மாட்டிவிடுவார்கள், கெஞ்சினாலும் விட மாட்டார்கள், தீயணைப்பு விதி. அதனால் அரை மணிக்கு ஓர் அறை என்று ஓடாதீர்கள். பிடித்த ஓர் அறையில் முந்தைய உரையிலேயே போய் உட்கார்ந்துவிடுங்கள். அல்லது உரைகளையே விட்டுவிடுங்கள். எல்லாம் பதிவாகிறது, ஊருக்கு வந்து பார்க்கலாம். பதிவாகாதது ஒன்றுதான், நடைவழிப் பேச்சு.

கே கட்டடத்தில் திட்டங்களின் மேசைகள் வரிசையாக இருக்கும். நான் ஒரு மேசை முன் நின்று ஒட்டுப்படம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரில் நரைத்த தாடியோடு இருந்தவர் என் மடிக்கணினி மூடியில் ஒட்டியிருந்த புனைபெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தார். 'க, ரு, வா... அந்த எழுத்துருப் பிழையை விடாமல் நச்சரித்தது நீதானா?' மூன்றாண்டாக என் பிழை அறிக்கைகளுக்கு ஒற்றை வரியில் கடுகடுவென்று பதில் எழுதியவர் அவர். மனிதர் அவ்வளவு கலகலப்பானவர் என்று நான் நினைத்ததே இல்லை. அங்கேயே மேசைக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, 'கொ'வின் கொம்பும் காலும் ஏன் பிரிந்து நிற்கின்றன என்று அவருக்குக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு வாரம் முன்பே ஒரு வரி எழுதி, இந்த மேசை, இந்த நேரம் என்று பேசி வையுங்கள். என்னைப் போல் தற்செயலை நம்ப வேண்டாம்.

வளாகத்தின் முதன்மை வைஃபையில் ஐபிவி6 என்ற புதிய இணைய முகவரி முறை மட்டுமே. சில பழைய செயலிகளும் அலுவலக விபிஎன்களும் திணறும். அவற்றுக்கென்று 'பழங்காலம்' என்று பொருள்படும் பெயரில் இன்னொரு வலை வைத்திருக்கிறார்கள், அதில் இணையுங்கள்.

சாப்பாடு: வளாகத்தில் வண்டிக் கடைகளும் வாஃபிளும் கிடைக்கும். உருளைக்கிழங்கு வறுவலைக் கண்ணை மூடிக்கொண்டு சைவம் என்று நம்பாதீர்கள். பெல்ஜியத்தில் மாட்டுக்கொழுப்பில் பொரிப்பது பழைய வழக்கம், இன்றும் பல கடைகளில் உண்டு. கேட்டு வாங்குங்கள். ஃபலாஃபெல் ரொட்டி எங்கும் கிடைக்கும். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம்.

உரை நிகழ்த்துகிறீர்கள் என்றால் ஊரிலேயே ஒருமுறை பேசிப் பாருங்கள். சென்னை லினக்ஸ் பயனர் குழுவோ விழுப்புரம் குழுவோ மகிழ்ச்சியாக மேடை தரும். கேள்விகளும் அங்கே கடுமையாகவே வரும். நேரம் முடிந்ததும் அடுத்தவர் வந்து நின்றுவிடுவார் என்பதால் இருபது நிமிட உரைக்குப் பதினாறு நிமிடச் சரக்கு போதும். வேகத்தைக் குறையுங்கள், கேட்பவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் தாய்மொழியல்ல.

ஞாயிறு மாலை முடிந்ததும் ஓடிவிடாமல் ஒரு மணி நேரம் நாற்காலி நகர்த்த, குப்பை அள்ள நில்லுங்கள். இரண்டு நாளில் கிடைக்காத பழக்கம் அந்த ஒரு மணி நேரத்தில் கிடைக்கும். விடுப்பு மிச்சமிருந்தால் திங்கள் முதல் கென்ட் நகரில் கணினி அமைவுகளை நிர்வகிப்பது பற்றிய 'கான்ஃபிக் மேனேஜ்மென்ட் கேம்ப்' நடக்கிறது, ரயிலில் அரை மணி நேரம்தான்.

திரும்பிய பிறகு

உதவித்தொகை வாங்கியிருந்தால் முதல் வாரத்திலேயே கணக்கை அனுப்புங்கள். பலர் கேட்பது விமானச் சீட்டின் ரசீது மட்டுமல்ல, ஏறும் அட்டையும் (போர்டிங் பாஸ்). நான் அதைப் புத்தகக் குறியாக வைத்து ஒரு விமானத்திலேயே விட்டுவிட்டு வந்து, பறந்ததற்கான சான்று கேட்டு மூன்று வாரம் அலைந்தேன். விடுதி ரசீதில் 'பணம் பெறப்பட்டது' என்று இருக்க வேண்டும், முன்பதிவு உறுதி மின்னஞ்சல் செல்லாது. கடைகளில் தரும் வழவழப்பான ரசீதுத் தாள் ஒரு மாதத்தில் வெளுத்துவிடும். ஒவ்வொன்றையும் வாங்கிய இடத்திலேயே படம் எடுத்துவிடுங்கள்.